தூக்குவது வேறு, தாங்குவது வேறு

தேனி மாவட்டத்தில் ஆண்டிபட்டிக்கு அருகே வைகையாற்றின் குறுக்கே நிற்கும் அணையை உங்களில் பலர் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருப்பீர்கள். 1959-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்த அணையின் உயரம் 111 அடி. அதில் 71 அடி வரை நீரைத் தேக்கலாம். அணை நிறைந்திருக்கும்போது 71 அடி ஆழத்தில் நீரின் அழுத்தம் எவ்வளவு இருக்கும்? ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

71 அடி என்பது ஏறத்தாழ 2,164 சென்டிமீட்டர். அடியில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பை எடுத்துக்கொண்டு, அதன்மேல் 2,164 செ.மீ. உயரத்துக்கு ஒரு நீர்த்தூண் நிற்பதாக எண்ணுங்கள். அதன் கனஅளவு 2,164 கன செ.மீ. ஒரு கன செ.மீ. நீரின் எடை ஒரு கிராம். ஆகவே அந்தத் தூணின் எடை 2,164 கிராம், அதாவது 2.16 கிலோகிராம். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் இரண்டு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடை அழுத்துகிறது என்பதே விடை. இந்த அழுத்தத்தை எதிர்த்து நிற்கத்தான் அவ்வளவு கல்லும் மண்ணும் அங்கே குவிக்கப்பட்டுள்ளன.

இந்த 2.16 என்னும் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதைவிட மிகப் பெரிய அழுத்தம் ஒன்று உங்கள் வீட்டு வாசலிலேயே, ஒரு கை அகலமுள்ள இரும்புக் குப்பிக்குள் அடைபட்டுக் கிடக்கக்கூடும். அதுதான் காரைத் தூக்கும் எண்ணெய் ஜாக்கி.

ஜாக்கிக்குள் ஓர் அணை

காரின் சக்கரம் பஞ்சராகிவிட்டால் காரைத் தூக்கித்தான் மாற்ற வேண்டும். பிரேக்கைப் பார்ப்பதற்கும், அடியில் எண்ணெய் ஒழுகுகிறதா என்று அறிவதற்கும், எஞ்சின் எண்ணெயை மாற்றுவதற்கும் பலர் வீட்டிலேயே காரைத் தூக்குகிறார்கள். ஆயிரம் கிலோ எடையுள்ள ஒரு சிறிய காரை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு மூலையைத் தூக்கும்போது ஜாக்கியின்மேல் 300 கிலோ எடை வருவதாகக் கணக்குக்காக வைத்துக்கொள்ளலாம்.

இந்த 300 கிலோவைப் பத்தாம் வகுப்பு மாணவர்கூட ஒரு கையால் உயர்த்திவிட முடியும். எப்படி? இதற்கு வழி காட்டியவர் பிரெஞ்சு அறிஞர் பிளெய்ஸ் பாஸ்கல் (1623–1662). மூடிய கலத்திலுள்ள நீர்மத்தின் ஓரிடத்தில் அழுத்தம் கொடுத்தால், அது குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும் என்பது அவருடைய விதி. இந்த விதியைக் கொண்டு ஆங்கிலப் பொறியாளர் ஜோசப் பிராமா நீரியல் அழுத்தியை உருவாக்கி 1795-இல் காப்புரிமை பெற்றார். எண்ணெய் ஜாக்கி அதே குடும்பத்தைச் சேர்ந்தது.

ஜாக்கிக்குள் சிறிய தண்டு ஒன்றும் பெரிய தண்டு ஒன்றும் உண்டு. சிறியதன் விட்டம் 1 செ.மீ. என்றும், காரைத் தாங்கும் பெரியதன் விட்டம் 2.5 செ.மீ. என்றும் கொள்வோம். விட்டம் இரண்டரை மடங்கானால் பரப்பு 6.25 மடங்காகும். எனவே பெரிய தண்டின்மேல் 300 கிலோ இருந்தால், சிறிய தண்டை 48 கிலோ விசையால் அழுத்தினால் போதும். அந்தச் சிறிய தண்டை அழுத்துவது ஒரு நெம்புகோல். அதன் நீளம் விசையைப் பன்னிரண்டு மடங்காக்குமானால், நம் கை கொடுக்க வேண்டியது வெறும் 4 கிலோ விசைதான்!

ஆனால் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. கை 30 செ.மீ. கீழே இறங்கினால் கார் 0.4 செ.மீ. மட்டுமே மேலே எழும். விசையில் கிடைத்த ஆதாயத்தைத் தூரத்தில் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்.

இப்போது அந்த எண்ணெயின் அழுத்தத்தைக் காண்போம். பெரிய தண்டின் பரப்பு ஏறத்தாழ 4.9 சதுர செ.மீ. 300-ஐ 4.9 ஆல் வகுத்தால் 61 வருகிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 61 கிலோ! வைகை அணையில் 71 அடி ஆழத்தில் உள்ள அழுத்தத்தைப் போல் இது 28 மடங்கு. அந்த அழுத்தத்தைத் தடுத்து நிறுத்துவது கல்லும் மண்ணும் அல்ல. தண்டைச் சுற்றியுள்ள ஒரு ரப்பர் வளையமும், பட்டாணி அளவுள்ள ஒரு வால்வுமே ஆகும்.

ரப்பர் காலப்போக்கில் கெட்டிப்பட்டு வெடிக்கும். வால்வு உட்காரும் இடத்தில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் அது முழுமையாக மூடாது. அப்போது எண்ணெய் கசியும், கார் மெல்ல இறங்கும். சில வேளைகளில் மெல்ல அல்லாமல் ஒரேயடியாகவும் இறங்கிவிடும். எப்போது நேரும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே இந்தக் கட்டுரையின் சாரத்தை இங்கேயே சொல்லிவிடலாம்: ஜாக்கி என்பது தூக்கும் கருவி; அது தாங்கும் கருவி அன்று. ஜாக்கி மட்டும் தாங்கி நிற்கும் காரின் அடியில் எவரும் தலையையோ கையையோ நீட்டக்கூடாது.

மலைப்பாதையும் திருகு ஜாக்கியும்

எண்ணெய் ஜாக்கிதான் கசியும். காரின் டிக்கியில் வரும் திருகு ஜாக்கியில் எண்ணெயே இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

போடியிலிருந்து போடிமெட்டுக்குப் பேருந்தில் சென்றவர்களுக்குத் திருகின் தத்துவம் தெரிந்திருக்கும். மலைமேல் நேராக ஏற முடியாத பேருந்து, பாதை வளைந்து வளைந்து நீண்டிருப்பதால் எளிதாக ஏறிவிடுகிறது. பாதை நீள நீள, ஏற்றம் சாந்தமாகிறது. இத்தகைய சாய்தளம் ஒன்றை ஓர் உருளையைச் சுற்றிச் சுருட்டிவிட்டால் அதுவே திருகு.

ஒரு முழுச் சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் உயரும் திருகு ஒன்றை 25 செ.மீ. நீளமுள்ள கைப்பிடியால் சுற்றுவதாகக் கொள்வோம். ஒரு சுற்றில் கை செல்லும் தூரம் 157 செ.மீ. பளு உயர்வதோ அரை செ.மீ. எனவே விசை 314 மடங்காகப் பெருகுகிறது. 300 கிலோவைத் தூக்க ஒரு கிலோ விசைகூட வேண்டாம் என்று கணக்குச் சொல்கிறது. நடைமுறையில் மூன்று நான்கு கிலோ வேண்டியிருக்கும். மீதியை மரைகளுக்கிடையே உள்ள உராய்வு தின்றுவிடுகிறது.

உராய்வு ஆற்றலை வீணாக்கும் என்றுதான் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். இங்கே அந்த உராய்வே நமக்குக் காவலாளி. நாம் செய்யும் வேலையில் பாதிக்கு மேல் உராய்வுக்கே போய்விடும் திருகை, மேலிருந்து பளு எவ்வளவு அழுத்தினாலும் தானாகப் பின்னோக்கிச் சுற்ற வைக்க முடியாது. அதனால்தான் கைப்பிடியை விட்டுவிட்டாலும் திருகு ஜாக்கி இறங்காமல் நிற்கிறது.

அப்படியானால் திருகு ஜாக்கியை நம்பலாமா? கூடாது. அது தானாக இறங்காது என்பது மெய்யே. ஆனால் அது சாய்ந்துவிடும்.

கார் எப்படிச் சரிகிறது?

ஒரு தீப்பெட்டியை நெட்டுக்குத்தாக நிறுத்தி விரலால் மெதுவாகச் சாயுங்கள். சிறிது சாயும்வரை விரலை எடுத்தால் பழைய நிலைக்கே வரும். ஓர் எல்லையைத் தாண்டினால் விழுந்துவிடும். மேலே உள்ள எடையின் கோடு அடிப்பரப்புக்கு வெளியே விழுவதுதான் அந்த எல்லை.

டிக்கியில் வரும் ஜாக்கியின் அடித்தகடு ஏறத்தாழ 10 செ.மீ. அகலம் இருப்பதாகக் கொள்வோம். காரைத் தூக்கிய நிலையில் அதன் உயரம் 30 செ.மீ. அடித்தகட்டின் நடுவிலிருந்து விளிம்புக்கு 5 செ.மீ. தான். ஆகவே கார் முன்னாலோ பின்னாலோ 5 செ.மீ. நகர்ந்தாலே ஜாக்கியின் உச்சி அடித்தகட்டைத் தாண்டிவிடும். பிறகு ஜாக்கி தாங்காது, கவிழும். 5 செ.மீ. நகர்வதற்குக் கார்ச் சக்கரம் எவ்வளவு சுழல வேண்டும் தெரியுமா? 55 செ.மீ. விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவு 173 செ.மீ. எனவே ஒரு சுற்றில் 35-இல் ஒரு பங்கு போதும். கடிகார முள் இரண்டு நிமிடத்தில் நகரும் கோணத்தைவிட அது குறைவு!

கார் தானாக ஏன் நகர வேண்டும்? முதற்காரணம் சரிவு. கண்ணுக்குச் சமதளமாகத் தெரியும் வாசல்கள்கூட மழைநீர் ஓடுவதற்காகச் சற்றுச் சரித்துக் கட்டப்பட்டிருக்கும். 20 அடி நீளத்துக்கு ஓர் அடி இறங்கும் சரிவில் ஆயிரம் கிலோ காரைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை 50 கிலோ. உங்களைப் போன்ற மாணவர் ஒருவரின் முழு எடை காரை விடாமல் இழுத்துக்கொண்டிருப்பதற்கு இது சமம். கம்பம், போடி பகுதிகளிலிருந்து மலைமேல் ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். மலைப்பாதையில் பஞ்சரானால், ஓட்டுநர் முதலில் வண்டியை மெதுவாகச் சமதளமான இடத்துக்குக் கொண்டுபோவதே அறிவுடைமை. டயர் பாழானால் வேறு டயர் வாங்கலாம்.

ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறோமே என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது. பின்பக்கத்தைத் தூக்கினால், பிடித்திருக்கும் சக்கரங்களே அந்தரத்தில் தொங்கும். முன்சக்கரங்கள் உருளத் தயாராக நிற்கும். கியரில் நிறுத்தியிருக்கிறோம் என்பதும் முழுக் காப்பு அன்று. வளைவில் திரும்பும்போது இடச்சக்கரமும் வலச்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல வேண்டும் என்பதற்காக, எஞ்சினோடு இணைந்த இரு சக்கரங்களுக்கும் இடையே டிஃபரன்ஷியல் என்னும் பற்சக்கர அமைப்பு உள்ளது. அவற்றில் ஒன்று அந்தரத்தில் இருந்தால், அது ஒரு பக்கமாகச் சுழல, தரையிலுள்ள மற்றது எதிர்ப்பக்கமாக உருள இடமுண்டு. கியர் பூட்டியிருந்தும் கார் நகரும்!

இரண்டாவது காரணம் தரை. 10 செ.மீ. நீளமும் 10 செ.மீ. அகலமும் உள்ள அடித்தகட்டின் பரப்பு 100 சதுர செ.மீ. 300 கிலோ அதன்மேல் இருந்தால் மண்ணின்மேல் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ அழுத்தம். நாம் நிற்கும்போது நம் பாதம் கொடுக்கும் அழுத்தத்தைப் போல் இது பதினைந்து மடங்கு இருக்கும். ஈரமண்ணும் ஆற்றுமணலும் இதைத் தாங்காமல் ஒருபுறமாக அமிழும். ஜாக்கி சாயும். கோடையில் இளகும் தார்ச்சாலையிலும் இதே ஆபத்து உண்டு. ஜாக்கியின் அடியில் 30 செ.மீ. சதுரமுள்ள தடித்த மரப்பலகை ஒன்றை வைத்தால் அழுத்தம் ஒன்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

தேர் கற்பிக்கும் பாடம்

தேனிக்கு அருகே வீரபாண்டியில் சித்திரைத் திருவிழாவின்போது தேரோட்டம் பார்த்திருக்கிறீர்களா? வடம் பிடிப்போர் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். ஆனால் தேரை நிறுத்துவது சக்கரத்தின் அருகே குனிந்து முட்டுக்கட்டை போடும் ஒரு சிலரே. ஆப்பு வடிவமான அந்தக் கட்டையைச் சக்கரம் தாண்ட வேண்டுமானால், முதலில் அதன்மேல் ஏற வேண்டும். ஏற வேண்டுமானால் தேரின் எடை முழுவதும் சிறிது உயர வேண்டும். அதாவது தேரின் எடையே தேருக்குத் தடையாகிறது.

காருக்கும் இதே முறைதான். தரையில் நிற்கும் சக்கரங்களின் முன்னும் பின்னும் மரத்தாலான முட்டுக்கட்டைகளை இறுக்கமாகச் செருக வேண்டும். முன்பக்கத்தைத் தூக்கினால் பின்சக்கரங்களுக்கு, பின்பக்கத்தைத் தூக்கினால் முன்சக்கரங்களுக்கு. ஒரு மூலையை மட்டும் தூக்கினால் அதற்குக் குறுக்கே எதிர்மூலையிலுள்ள சக்கரத்தை மறக்கவே கூடாது. வழியில் கிடக்கும் உருண்டைக் கல் முட்டுக்கட்டை ஆகாது. அது சக்கரத்தோடு தானும் உருளும்.

செங்கல் ஏன் கூடாது?

ஜாக்கி தூக்கிய காரைத் தாங்குவதற்கென்றே இரும்பு ஸ்டாண்டுகள் உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கின்றன. முக்காலியைப் போல் கால் பரப்பி நிற்பவை அவை. அடி அகலம், உச்சி குறுகல். எடை எப்போதும் கால்களுக்கு நடுவிலேயே இறங்கும். அவற்றில் எண்ணெய் இல்லை, ரப்பர் இல்லை. உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் வகையில் ஒரு பல்லோ ஊசியோ மட்டுமே இருக்கும். எத்தனை டன் தாங்கும் என்பதும் அதன்மேல் குறிக்கப்பட்டிருக்கும்.

பலர் இதற்குப் பதிலாக நாலு செங்கல்லை அடுக்கிக் காரை நிறுத்துகிறார்கள். செங்கல்லால் இரண்டு மாடி வீடு நிற்கிறதே, ஒரு கார் நிற்காதா என்பது அவர்கள் வாதம். இதிலுள்ள பிழையைக் கவனியுங்கள். கல்லும் செங்கல்லும் அமுக்குவிசையை நன்கு தாங்கும். இழுவிசையையும் வளைவையும் தாங்கா. சுவரில் ஒவ்வொரு செங்கல்லும் சாந்தின்மேல் சமமாகப் படிந்து, மேலிருந்து வரும் எடையைத் தன் பரப்பு முழுவதும் வாங்கிக்கொள்கிறது. வைகை அணையின் கல்கட்டும் அவ்வாறே தன் எடையாலேயே அமுங்கி உறுதியாக நிற்கிறது. காரின் அடியிலுள்ள இரும்பு விளிம்போ செங்கல்லின் நடுவே ஒரு கோடாகப் பதிகிறது. அடியில் ஒரு சிறு கல் இருந்தால் போதும், செங்கல் வளைய முயலும். வளைய முடியாமல் உடையும். இரும்பு உடையுமுன் வளைந்து நமக்கு அறிவிக்கும். செங்கல் அறிவிப்புக் கொடுக்காது. பொள்ளல் சிமெண்டுக் கற்களுக்கும் இது பொருந்தும்.

மூன்று எச்சரிக்கை

வைகை அணையில் நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் கரையோர மக்களுக்கு முதல் வெள்ள அபாய எச்சரிக்கை விடுக்கப்படுகிறது. 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. தேனி முதல் இராமநாதபுரம் வரையுள்ள மாவட்டங்களின் மக்கள் ஆற்றில் இறங்காதிருக்கவே இந்த ஏற்பாடு. ஒரே எச்சரிக்கை போதாதா என்று எவரும் கேட்பதில்லை. ஒன்று தவறினாலும் மற்றொன்று காக்க வேண்டும் என்பதே பொறியியலின் நெறி. காரைத் தூக்கும்போதும் மூன்று படிகளைக் கடைப்பிடிக்க வேண்டும்.

முதற்படி, தூக்குமுன். காரைச் சமமான கெட்டித் தரையில் நிறுத்தி, உள்ளே இருப்போர் அனைவரையும் இறங்கச் செய்ய வேண்டும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முதல் கியரிலோ பின் கியரிலோ விட வேண்டும். தானியங்கிக் கியர் உள்ள காரானால் 'பார்க்' நிலையில் வைக்க வேண்டும். பிறகு முட்டுக்கட்டைகள். சக்கரத்தைக் கழற்றுவதானால், வீல் நட்டுகளைக் கார் தரையில் இருக்கும்போதே சிறிது தளர்த்திவிட வேண்டும். இறுகிய நட்டைத் திருப்பக் கொடுக்கும் விசை காரையே உலுக்கும். ஜாக்கியின்மேல் நிற்கும்போது உலுக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாம் படி, தூக்கும்போது. ஜாக்கி வைக்க வேண்டிய இடங்கள் காரின் கையேட்டில் படம் போட்டுக் காட்டப்பட்டிருக்கும். அங்கே தகடு தடித்து வலுவாக இருக்கும். வேறிடத்தில் வைத்தால் தகடு நசுங்கி ஜாக்கி நழுவும். இன்று ஓடும் மின்சாரக் கார்களில் அடிப்பக்கத்தில் மின்கலப் பெட்டி இருக்கிறது. ஜாக்கி அதன்மேல் படவே கூடாது. சிறு சக்கரங்கள் கொண்ட தள்ளு ஜாக்கியானால், அது உயரும்போது தானும் சற்று உருண்டு காரின் அடியில் நகர வேண்டும். மண்ணிலோ பிளவிலோ அது மாட்டிக்கொண்டால் காரை இழுத்துச் சரித்துவிடும். வேண்டிய உயரம் வந்ததும் கையேடு காட்டும் வலுவான இடத்தில் ஸ்டாண்டை நிறுத்தி, ஜாக்கியை மெல்லத் தளர்த்திக் காரின் எடையை ஸ்டாண்டுக்கு மாற்ற வேண்டும். ஸ்டாண்டை வைக்கும்போதும் கையை ஓரத்தில்தான் நீட்ட வேண்டும். தலையும் உடலும் வெளியிலேயே இருக்க வேண்டும்.

மூன்றாம் படி, தூக்கியபின். அடியில் செல்லுமுன் காரைப் பக்கவாட்டில் கையால் தள்ளிப் பார்க்க வேண்டும். அசைந்து நொடித்தால் இறக்கிவிட்டு மீண்டும் தொடங்க வேண்டும். விழ வேண்டுமானால் நாம் வெளியே இருக்கும்போதே விழட்டும். கழற்றிய சக்கரத்தையோ ஸ்டெப்னியையோ காரின் ஓரத்துக்கு அடியில் படுக்க வைப்பதும் நல்லது. எல்லாம் தவறினாலும் கார் அதன்மேல் விழுந்து, ஓர் ஆள் நசுங்காதிருக்க இடைவெளி கிடைக்கும். கார் மேலே இருக்கும்வரை எஞ்சினை இயக்கக்கூடாது. கதவைத் திறந்து எவரும் உட்காரக்கூடாது. சிறு குழந்தைகள் அருகே விளையாடக்கூடாது.

வேலை முடிந்து சக்கரத்தை மாட்டும்போது நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, எதிர் எதிராக இறுக்க வேண்டும். வரிசையாக இறுக்கினால் சக்கரம் ஒருபக்கமாகச் சாய்ந்து உட்காரும். காரை இறக்கியபின் இன்னொரு முறை முழு வலுவோடு இறுக்க வேண்டும்.

கை முந்துமா, கார் முந்துமா?

"ஒரு நிமிட வேலைதானே, சட்டென்று கையை எடுத்துக்கொள்ளலாம்" என்று சொல்வோர் நிறையப் பேர். அவர்களுக்கு இயற்பியலே விடை சொல்லட்டும். 15 செ.மீ. உயரத்திலிருந்து ஒரு பொருள் விழ எடுத்துக்கொள்ளும் நேரம் ஏறத்தாழ 0.17 வினாடி. ஓர் அசைவைக் கண் கண்டு, மூளை உணர்ந்து, கை அசையத் தொடங்குவதற்கே நமக்கு ஏறத்தாழ 0.2 வினாடி ஆகிறது. கார் விழுந்து முடிந்த பிறகுதான் நம் கை புறப்படும்!

இதை நீங்களே சோதிக்கலாம். நண்பர் ஒருவர் 30 செ.மீ. அளவுகோலைச் செங்குத்தாகப் பிடிக்கட்டும். அதன் கீழ்முனையில், சுழி இருக்கும் இடத்தில், தொடாமல் உங்கள் இரு விரல்களை வைத்திருங்கள். அவர் சொல்லாமல் விட வேண்டும். நீங்கள் பிடிக்க வேண்டும். எந்த எண்ணில் பிடித்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பத்து முறை செய்து சராசரி காணுங்கள். அது 15 செ.மீ.க்கு மேல் இருந்தால் கார் உங்களை முந்திவிட்டது என்று பொருள். ஒருவேளை அதற்குக் குறைவாக வந்தாலும் களிப்படைய வேண்டாம். நீங்கள் அளவுகோல் விழும் என்று காத்திருந்தீர்கள். கார் விழும் என்று எவரும் காத்திருப்பதில்லை.

செய்து பாருங்கள்

1. ஒரு செங்கோண முக்கோணத்தைத் தாளில் வெட்டிச் சாய்ந்த விளிம்புக்கு வண்ணம் தீட்டுங்கள். அதைப் பென்சிலின்மேல் சுற்றுங்கள். சாய்தளம் திருகாவதைக் காண்பீர்கள்.

2. மருந்துக் கடையிலிருந்து ஊசி இல்லாத புதிய பிளாஸ்டிக் சிரிஞ்சுகள் இரண்டு வாங்குங்கள். ஒன்று 5 மில்லி, மற்றது 20 மில்லி. இரண்டையும் ஒரு மெல்லிய குழாயால் இணைத்துக் காற்றில்லாமல் நீர் நிரப்புங்கள். பெரிய சிரிஞ்சின்மேல் ஒரு புத்தகத்தை வைத்துச் சிறியதை அழுத்துங்கள். புத்தகம் எளிதாக உயரும். இனி குழாயின் இணைப்பை ஒருவர் சிறிது தளர்த்தட்டும். புத்தகம் இறங்குவதைக் கவனியுங்கள். பிறகு புத்தகத்தை மீண்டும் உயர்த்தி, அதன் இருபுறமும் இரண்டு டம்ளர்களை முட்டுக் கொடுத்துவிட்டு இணைப்பைத் தளர்த்துங்கள். இம்முறை என்ன நேர்கிறது?

3. உங்கள் வீட்டு வாசல் சமதளமா என்பதை அறிய, ஒரு கோலிக்குண்டை அதன்மேல் வைத்துப் பாருங்கள். உருண்டால் எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். காரும் அந்தப் பக்கமே போக விரும்பும்.

உங்கள் பங்கு

இதைப் படித்துவிட்டு நீங்களே ஜாக்கியை எடுத்துக்கொண்டு புறப்பட வேண்டாம். காரைத் தூக்குவது பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை. அருகே ஒருவர் துணைக்கு இருக்கும்போது மட்டுமே செய்ய வேண்டிய வேலை. ஆனால் உங்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒருவர் காரைத் தூக்கிவிட்டு அடியில் நுழையப் போகிறார் என்றால், அவரை நிறுத்தி மூன்று கேள்விகளைக் கேளுங்கள். முட்டுக்கட்டை போட்டாயிற்றா? எடை ஸ்டாண்டின்மேல் இருக்கிறதா? தள்ளிப் பார்த்தீர்களா?

பல ஆண்டுகளாக இப்படித்தான் செய்கிறேன், ஒன்றும் ஆனதில்லை என்று அவர் சொல்லக்கூடும். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அத்தனை ஆண்டுகளும் அந்த ரப்பர் வளையம் பழையதாகிக்கொண்டே வந்திருக்கிறது என்பதும் உண்மைதான். ஸ்டாண்டு கொண்டுவரும்வரை காரின் அடியில் போக வேண்டாம் என்று பணிவாகச் சொல்லுங்கள். இல்லையென்றால் அந்த வேலையை அன்றைக்கு விட்டுவிடச் சொல்லுங்கள். நாளைக்கும் செய்யலாம்.